'சேமி' என்று அழுத்தும்போது மாறுவது எந்தக் கோப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் ஓர் அம்மாவின் 31ஆம் நாள் நினைவஞ்சலி விளம்பரம் வந்தது. பிள்ளைகள் 6 பேரின் பெயரும் அதில் ஒழுங்காக இருந்தன. அன்று காலை அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவுச் சிறுநூலிலும் 6 பெயர்கள் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியல் மட்டும் தனியாக அச்சடித்து, வெட்டி, மேலே ஒட்டிய துண்டு. 250 பிரதியிலும் அப்படித்தான். விளம்பரத்தையும் கல்வெட்டையும் கணினியில் அமைத்தவள் நான். இரண்டுக்கும் பெயர்களை எடுத்தது ஒரே கோப்பிலிருந்து. ஒரே கோப்பு என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை எங்கே பிழைத்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற சின்னக் கடைகளிலும், பாடசாலைகளிலும், சங்கங்களிலும் இப்போது கோப்புகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு நாலைந்து பேர் நெட்வொர்க் வழியாகத் திறந்து வேலை செய்கிறோம். 'சேமி' என்று அழுத்தினால் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நான் கொக்குவிலில் 22 வருடமாகப் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். கல்வெட்டு, மரண அறிவித்தல், கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல் எல்லாம் வரும். அப்பா அச்சுக் கோர்ப்பவராக இருந்தவர், ஈய எழுத்துக் காலம். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை வைத்து, சுத்தமான பதிப்பு என்றால் என்னவென்று காட்டிவிட்டுப் போன ஊர் இது என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். அதனால் எழுத்துப் பிழை எனக்குச் சின்ன விஷயம் இல்லை. கல்வெட்டில் பெயர் விடுபடுவதை எழுத்துப் பிழை என்று சொல்லவும் முடியாது. அந்த வீட்டில் ஓர் ஆளையே இல்லாமல் செய்கிற காரியம் அது.

கடையில் 3 கணினிகள், மூன்றும் விண்டோஸ். மூலையில் இருக்கும் பழைய கணினியில் என்னுடைய பெறாமகன் லினக்ஸ் போட்டுத் தந்தான். அதன் டிஸ்க்கை சாம்பா என்ற மென்பொருள் வழியாக மற்ற மூன்றும் இசட் டிரைவ் என்று பார்க்கும். ஒரு வீட்டின் வேலை வந்தால் அதற்குள் இரண்டு மூன்று ஃபோல்டர் திறப்போம்: கல்வெட்டுக்கு ஒன்று, பத்திரிகை விளம்பரத்துக்கு ஒன்று, நன்றி அட்டைக்கு ஒன்று. மூன்றிலும் வருகிற விவரம் ஒன்றுதான். அன்னாரின் பெயர், பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். முன்பு அந்த எழுத்தை மூன்று இடத்திலும் நகல் எடுத்துப் போடுவேன். கனடாவிலிருந்து ஒரு திருத்தம் வட்ஸ்அப்பில் வந்தால் மூன்று இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்து போவோம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதையும் யூனிக்கோடுக்கு மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது கடைசி என்று தேடிய நாட்களும் உண்டு.

இதற்குப் பெறாமகன் சொன்ன வழிதான் ஹார்ட் லிங்க். ஒரே எழுத்துக் கோப்புக்கு மூன்று ஃபோல்டரிலும் மூன்று பெயர். ஷோர்ட்கட் இல்லை, நகலும் இல்லை. சேர்வரில், அதாவது அந்த மூலைக் கணினியில், இருப்பது ஒரு கோப்பு, அதற்குப் பெயர்தான் மூன்று.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த எனக்குப் பங்குக் கிணறுதான் வாய்க்கு வருகிறது. காணி உறுதியில் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் என்று எழுதியிருக்கும். மூன்று வளவுக்கு ஒரு கிணறு, ஒவ்வொரு வளவிலிருந்தும் ஒரு பாதை. எந்தப் பாதையால் போனாலும் அள்ளுவது அதே தண்ணீர். ஒருவர் இறைத்துத் துப்புரவாக்கினால் மூன்று வீட்டுக்கும் நல்ல தண்ணீர். பாதை வேறு, கிணறு வேறு. கணினியில் பெயர் என்பது பாதை. கோப்பு என்பது கிணறு. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1974இல் எழுதிய கட்டுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: கோப்பு எந்த ஃபோல்டருக்கும் உள்ளே இருப்பதில்லை, ஃபோல்டரில் இருப்பது பெயரும் அது காட்டும் இடமும் மட்டும்தான். பெயர் கொடுக்கும் எல்என் என்ற கட்டளை 1971இல் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைத்த டிஸ்க்கிலும் இது இருக்கிறது. ஒரு கோப்புக்கு 1023 ஹார்ட் லிங்க் வரை உருவாக்கலாம். பென் டிரைவில் நாம் வழக்கமாகக் காணும் எக்ஸ்ஃபாட் என்ற முறைமையில் இது முடியாது. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கும் போட முடியாது.

3 வருடம் இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திருத்தம் வந்தால் எந்த ஃபோல்டரில் நிற்கிறேனோ அங்கேயே திருத்துவேன். மற்ற இரண்டிலும் தானாக மாறியிருக்கும்.

அந்த அம்மாவின் வேலை வந்தபோது பட்டியலை அனுப்பியவர்கள் வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகள். அதில் பிள்ளைகள் 5 பேர். அந்தியேட்டிக்கு 4 நாள் முன்பு மூத்த மகள் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அச்சடித்துக் காட்டிய தாளை இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளைகளின் பெயரில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவர் மூன்றாவது இடத்தில் நிறுத்தினார்.

"தங்கச்சி, இதில ஒரு தம்பி இருந்தவன். ஆறு வயதில காய்ச்சல் வந்து செத்துப்போனான். பேரப்பிள்ளையளுக்குத் தெரியாது. அம்மா கடைசிவரைக்கும் தனக்கு ஆறு பிள்ளையள் எண்டுதான் சொல்லுவா. அவன்ர பேரையும் போடுங்கோ."

நான் அப்போதே போட்டேன். விளம்பரத்தை அமைத்துக்கொண்டு இருந்ததால் விளம்பர ஃபோல்டரில் இருந்த பெயரால் கோப்பைத் திறந்து, மூன்றாவது வரியில் தம்பியின் பெயரைச் சேர்த்து, சேமித்தேன். அந்தக் கிழமைதான் கடைக்குப் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கியிருந்தோம். அதில் எழுத்தைத் திருத்தப் பயன்படுத்தும் பழைய எடிட்டர் மென்பொருளுக்குப் பதிலாக வேறொன்று போட்டிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, தமிழையும் ஒழுங்காகக் காட்டியது. விளம்பரப் பக்கத்தில் பெயர் வந்ததை அக்காவும் நானும் திரையில் பார்த்தோம். கல்வெட்டுக் கோப்பைத் திறந்தபோது, எழுத்து மாறியிருக்கிறது, புதுப்பிக்கவா என்று வடிவமைப்பு மென்பொருள் கேட்கவில்லை. ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்று நினைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். அந்தப் பக்கத்தை நான் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதற்குப் பொறுப்பு நான்தான், எந்த மென்பொருளிலும் அதைப் போட மாட்டேன்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் 5 மணிக்குக் கட்டிய கல்வெட்டுகள் வந்தன. அக்கா எடுத்துப்போக வந்து, முதல் பிரதியை விரித்து, நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டாவது பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் இருந்த மெல்லிய இடைவெளியில் தம்பியின் பெயரை எழுதினார். ஆசிரியை கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் அச்சுப்போல. "மிச்சத்தை என்ன செய்யிறது?" என்று அதன்பிறகுதான் கேட்டார்.

அச்சகம் பூட்டிவிட்டது. கடையில் இருந்த பிரிண்டரில் 6 பெயரும் உள்ள பட்டியலை ஒரு தாளில் 10 தடவை வரும்படி அடித்து, உருக்கு அடிமட்டம் வைத்துக் கட்டரால் வெட்டி, நானும் கடையில் வேலை செய்யும் பிள்ளையும் அக்காவின் மகளும் இரவு 1 மணிவரை ஒட்டினோம். பசை கூடினால் தாள் சுருங்கும், குறைந்தால் ஓரம் எழும்பும். ஒவ்வொன்றையும் பழைய தொலைபேசி விபரக்கொத்துக்குக் கீழே வைத்து அழுத்தி எடுத்தோம்.

அடுத்த ஞாயிறு பெறாமகன் வந்தான். நான் சேர்வர் முன்னால் கதிரையைப் போட்டு அவனை இருத்தினேன். எல்எஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதோடு சில எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இரண்டு எண்கள் வரும். ஒன்று ஐநோட் எண், அதாவது கிணற்றின் அடையாள எண். மற்றது அந்தக் கிணற்றுக்கு எத்தனை பாதை என்ற எண். அவன் மூன்று ஃபோல்டரிலும் இருந்த பெயர்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வரவைத்தான். மூன்று வரியிலும் ஒரே ஐநோட் எண்ணும் 3 என்ற எண்ணிக்கையும் நின்றிருக்க வேண்டும். கல்வெட்டு, நன்றி அட்டை இரண்டிலும் பழைய ஐநோட் எண், எண்ணிக்கை 2. விளம்பரத்தில் புதிதாக வேறொரு ஐநோட் எண், எண்ணிக்கை 1.

"பெரியம்மா, இது அந்தப் பைல் இல்லை. அதின்ர பேரில வேறொண்டு."

"நான் புதுசா ஒண்டும் செய்யேல்லையே. திறந்து திருத்திச் சேமிச்சனான், அவ்வளவுதான்."

"நீங்கள் செய்யேல்லை. எடிட்டர் செய்தது."

அவன் சொன்னதையும், பிறகு நானே இரவிரவாக வாசித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுத்தைத் திருத்தும் மென்பொருள்கள் சேமிப்பதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கின்றன. ஒன்று, இருக்கிற கோப்பையே வெறுமையாக்கி அதற்குள் புதிய எழுத்தை எழுதுவது. கிணறு அதே கிணறு, இறைத்துத் துப்புரவாக்குகிறோம். மற்றது, பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, முழுவதையும் அதில் எழுதி முடித்தபின், பழையதின் பெயரைப் பிடுங்கிப் புதியதற்கு வைப்பது. தன் வளவுக்குள் புதுக் கிணறு வெட்டி, தன் பாதையை மட்டும் அங்கே திருப்பிவிடுகிற வேலை. மற்ற வளவுக்காரர் பழைய கிணற்றில்தான் அள்ளிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லவும் ஆளில்லை. திரையிலோ இரண்டு வழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'சேமிக்கப்பட்டது' என்று வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியைக் கண்டுபிடித்தவர்கள் மடத்தனமாகச் செய்யவில்லை. அதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2022இல் நாங்கள் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒருநாள் மகோற்சவ விஞ்ஞாபனத்தைச் சேமித்துக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் போய், திரும்ப வந்து பார்த்தால் கோப்பின் அளவு 0. முதல் வழியின் ஆபத்து அதுதான். வெறுமையாக்கியதற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நெட்வொர்க் டிரைவ் என்றால் மின்சாரம்கூட நிற்கத் தேவையில்லை, கேபிள் கழன்றாலே போதும். இரண்டாவது வழியை ஒழுங்காகச் செய்தால் அப்படி நடக்காது. ஒன்றில் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். 2009இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் திடீரென்று கணினி நின்றுபோனவர்களின் கோப்புகள் 0 அளவில் கிடந்தபோதும், அதை எழுதியவர்களில் முக்கியமானவரான தியடோர் சோ சொன்ன அறிவுரை இதுதான்: புதிய கோப்பில் எழுதி, அது டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றுங்கள். சரியான அறிவுரை. ஆனால் அந்தக் கோப்புக்கு இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் செய்தால், எங்களைப்போன்றவர்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பார்த்துச் செய்கிற எடிட்டர்களும் இருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆறுதலாகவும் ஆதங்கமாகவும் இருக்கிறது. விம் என்ற எடிட்டரில் பேக்கப்காப்பி என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தானாகத் தீர்மானி என்று விட்டால், பெயரை மாற்றுவதால் பக்கவிளைவு வருமா என்று பார்க்கும், கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தால் உள்ளேயே எழுதும். பெயர்களைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவருக்கு அதற்கும் தனியாக ஒரு தெரிவு வைத்திருக்கிறார்கள். ஜிஎடிட் என்ற எடிட்டர் பயன்படுத்தும் ஜிஐஓ என்ற நிரல் நூலகமும் டிஸ்க்கில் உள்ள கோப்புக்கு இரண்டு பெயர் என்று கண்டால் பெயர் மாற்றும் வழியை விட்டுவிட்டு, உள்ளே எழுதும். நானோ என்ற எடிட்டர் வழமையாகவே உள்ளேதான் எழுதும். ஈமாக்ஸ் என்ற எடிட்டர் வேறு மாதிரி. ஒரு கோப்பைத் திறந்து முதல் தடவை சேமிக்கும்போது பழைய கோப்பின் பெயரை மாற்றிக் காப்பு நகலாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதும். மற்றப் பெயர்கள் அந்தக் காப்பு நகலோடு போய்விடும். இதைத் தடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது, கையேட்டில் விளக்கமும் இருக்கிறது. ஆனால் நாங்களாகப் போட்டால் ஒழிய அது அணைந்தே இருக்கும். எழுதியவர்களுக்குத் தெரிந்த விஷயம், 'சேமி' என்று அழுத்துகிறவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது.

இனி நெட்வொர்க் டிரைவுக்கு வருகிறேன். கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எடிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கோப்புக்கு எத்தனை பெயர் என்று அதற்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? தன் கணினியின் டிஸ்க் என்றால் நேரே கேட்டு அறியலாம். டிஸ்க் வேறு கணினியில் இருந்தால், நடுவில் இருக்கும் நெட்வொர்க் முறை அந்த எண்ணைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். என்எஃப்எஸ் என்ற முறை கொண்டுவரும், அந்த எண்ணுக்கு அதில் இடம் இருக்கிறது. லினக்ஸ்காரர் பலர் பயன்படுத்தும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் கொண்டுவராது. அது நம்பியிருக்கும் எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையின் 3ஆம் பதிப்பில் ஒரு கோப்பின் அளவு, உரிமை, நேரம் என்று எல்லாம் உண்டு, பெயர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் இடமே இல்லை. ஆகவே எஸ்எஸ்எச்எஃப்எஸ் எல்லாக் கோப்புக்கும் 1 என்று சொல்லிவிடும். சேர்வரில் 3 பெயர் இருக்க, இங்கே 1 என்று தெரியும். பார்த்துச் செய்கிற விம்கூட அந்த 1ஐ நம்பினால் பெயரை மாற்றிவிடும். விண்டோஸிலும் இந்த எண்ணைக் கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் சேர்வரின் வகையையும் நெட்வொர்க்கையும் பொறுத்து அந்த விவரம் முழுதாகவும் வரலாம், பாதியாகவும் வரலாம், வராமலும் போகலாம் என்று மைக்ரோசொஃப்டின் ஆவணமே எழுதிவைத்திருக்கிறது. என்னுடைய புதிய எடிட்டர் கேட்டுப் பதில் கிடைக்காமல் போனதா, கேட்கவேயில்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல நடந்துகொண்டது என்பதுதான் என் முறைப்பாடு.

அப்படியென்றால் எல்லா எடிட்டரும் எப்போதும் உள்ளேயே எழுதினால் சரிதானே என்று பெறாமகனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்வதற்கு முன்பே எனக்குப் போன வருடத்து ஒரு சம்பவம் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் சேர்வர் ஒவ்வோர் இரவும் ஆர்சிங்க் என்ற மென்பொருளால் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்கிறது. ஒவ்வொரு திகதிக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த நாளின் எல்லாக் கோப்பும் முழுதாக இருக்கும். ஆனால் டிஸ்க் நிரம்பாது. ஏனென்றால் நேற்றிலிருந்து மாறாத கோப்பை அது திரும்ப எழுதுவதில்லை, நேற்றைய கோப்புக்கே இன்றைய ஃபோல்டரில் ஒரு பெயர் கொடுக்கும். அதுவும் ஹார்ட் லிங்க்தான். 14 நாள் மாறாமல் இருந்த கோப்பு 14 பெயரோடு ஒன்றாகவே இருக்கும். மாறியதை ஆர்சிங்க் புதுக் கோப்பாக எழுதிப் பெயர் வைக்கும், அதனால் பழைய திகதிகளுக்கு ஒன்றும் ஆகாது. என்னைக் கவிழ்த்த அதே வழி இங்கே காவலாக நிற்கிறது.

போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் பழைய விவரம் தேவைப்பட்டு, அவசரத்தில் அந்த வெளி டிஸ்க்கிலேயே ஒரு திகதிக்குள் போய், பழைய எடிட்டரால் திறந்து, நாலு வரியை அழித்துச் சேமித்துவிட்டேன். மற்றத் திகதியில் பழையது இருக்கும்தானே என்ற தைரியம். போய்ப் பார்த்தால் எல்லாத் திகதியிலும் அந்த நாலு வரி இல்லை. உள்ளே எழுதுகிற எடிட்டர் கிணற்றையே மாற்றிவிட்டது, எந்தப் பாதையால் போனாலும் அதே தண்ணீர். 14 நகல் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன், வைத்திருந்தது ஒன்று. அன்றைக்கு அது ஏனென்று விளங்காமல் டிஸ்க்தான் பழுது என்று நினைத்து வேறு வாங்கினேன்.

ஆகவே ஓரிடத்தில் பெயர்கள் பிரியாமல் இருக்க வேண்டும், இன்னோர் இடத்தில் பிரிந்தே ஆக வேண்டும். எது வேண்டும் என்பது கோப்பின் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். அதனால் அவரிடம் கேட்க வேண்டும். மேலே போட்டு எழுதவா என்று கேட்கத் தெரிந்த மென்பொருளுக்கு இதைக் கேட்பது கஷ்டமான வேலை இல்லை. கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் என்று தெரிந்தால் பழையதை நகலெடுத்து வைத்துவிட்டு உள்ளே எழுதட்டும். நெட்வொர்க் டிரைவில் எண்ணிக்கை தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லட்டும்.

எங்கள் கடையில் இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பெயர் விவரக் கோப்புகளை எந்தக் கணினியிலிருந்தும் நேரே திருத்துவதில்லை. சேர்வருக்குள் போய் நானோவால்தான் திருத்துகிறோம். சேர்வருக்கு யுபிஎஸ் வாங்கிவிட்டோம், உள்ளே எழுதுகிற வழிக்கு அது இல்லாமல் சரிவராது. பெறாமகன் ஒரு சின்ன நிரல் எழுதித் தந்திருக்கிறான். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்புகளின் பெயர் எண்ணிக்கையைப் பார்க்கும். 3 இருக்க வேண்டிய இடத்தில் வேறெதுவும் வந்தால் என் போனுக்குச் செய்தி வரும். வந்த 5 கிழமையில் இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டும் பழக்கதோஷத்தில் மடிக்கணினியில் சேமித்தது. வெளி டிஸ்க்கை, நாங்கள் திறந்து பார்க்கும்போது வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி இணைத்திருக்கிறோம். அப்புறம், ஆர்சிங்க் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: ஹார்ட் லிங்க்குகளையும் அப்படியே கொண்டுபோ என்று தனியாகச் சொல்லாவிட்டால், மூலத்தில் ஒன்றாக இருக்கும் மூன்று பெயரும் நகலில் மூன்று தனிக் கோப்பாகிவிடும். அதையும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கோப்பு, கோப்புறை என்று வரைவிலக்கணம் சொல்லும் பாடத்தில், பெயர் வேறு கோப்பு வேறு என்பதையும் பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். ஒரு கோப்புக்கு இரண்டு பெயர் கொடுத்து, ஒரு எடிட்டரால் ஒரு தடவையும் இன்னொன்றால் ஒரு தடவையும் சேமித்து, எண் மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். எந்தப் பழைய கணினியிலும் செய்யலாம். நாளைக்கு அவர்களில் ஒருவர் ஒரு அலுவலகத்தின் கோப்புகளையெல்லாம் பார்க்கும் இடத்தில் இருப்பார்.

எங்கள் பிள்ளைகள் பலர் இங்கேயும் வெளிநாட்டிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். திறந்த மூல எடிட்டர்களைத் தமிழாக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையை அவர்களும் இணையத்தில் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில், நான் திரையில் பார்க்க விரும்பும் அறிவித்தலை நானே எழுதி அனுப்புகிறேன். அன்றைக்கு அந்தப் புதிய மடிக்கணினியில் இது வந்திருந்தால் நான் நின்றிருப்பேன்:

"இந்தக் கோப்புக்கு வேறு பெயர்களும் இருக்கலாம். இப்படிச் சேமித்தால் இந்தப் பெயரில் மட்டும் திருத்தம் வரும், மற்றப் பெயர்களில் பழைய எழுத்தே இருக்கும். எல்லாப் பெயரிலும் திருத்தவா? இதில் மட்டும் திருத்தவா?"

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.